அரளிப் புழுவும் முதல் ஷிப்ட் பஸ்ஸும்

அந்தப் புழுவுக்கு இரண்டு நீலக் கண்கள் இருந்தன. அவை கண்களே இல்லை, தோலின் மேல் இருக்கும் வெறும் பொட்டுகள் என்பதும், உண்மையான தலை அவற்றுக்கு முன்னால் சின்னதாக மடங்கிக் கிடந்தது என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். பத்து வயதில் நான் அவற்றைக் கண்கள் என்றே நம்பினேன். டப்பாவைத் திறந்தால் அது உடம்பைச் சுருக்கிக்கொண்டு என்னை முறைத்துப் பார்க்கும். பசிக்கிறது என்று சொல்வதாக நான் எடுத்துக்கொள்வேன். அப்படி எடுத்துக்கொண்டதில் ஒரு நாள் என் தம்பி செத்திருப்பான், என் அம்மாவின் வேலை போயிருக்கும். இரண்டும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததும் தவறுதான்.

அப்போது நாங்கள் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஆறு வீடுகள். ஆறிலும் எங்களைப் போல எங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். நாங்கள் விருதுநகர்ப் பக்கம். அப்பா வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தார். வருகிற பாகத்தைக் கையில் வாங்கி, அளந்து, சரி அல்லது சரியில்லை என்று தனித்தனியாகப் போடுவது அவர் வேலை. வீட்டிலும் அதையேதான் செய்வார். தோசை வட்டமாக இல்லையென்றால் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார். கையோங்க மாட்டார், சத்தம் போட மாட்டார், அளப்பார். அவ்வளவுதான்.

அம்மா அதே சாலையில் சூளகிரிப் பக்கம் இருந்த ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். போகவேண்டும் என்று அவள் கேட்டு, அப்பா யோசித்து, ஊரிலிருந்து அத்தைகளும் சித்தப்பாவும் போனில் கருத்துச் சொல்லி, ஒரு மாதம் இழுத்தடித்து, கடைசியில் அப்பா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "பிள்ளைகளுக்கு ஒண்ணுன்னா அன்னைக்கோட நிப்பாட்டிரணும்." அம்மா சரி என்றாள். அந்தப் பேச்சு நடந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தேன். 'ஒண்ணு' என்றால் காய்ச்சலா, கீழே விழுவதா, எவ்வளவு உயரத்திலிருந்து விழுவது என்றெல்லாம் அப்பா விளக்கவில்லை. அளக்காமல் அவர் சொன்ன ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

எங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் அம்மாவும் அப்பாவும் எதிரெதிர் ஷிப்ட் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் வீட்டில் இருக்கும்போது மற்றவர் கம்பெனியில். அப்பா இதை ஒரு அட்டையில் கட்டம் போட்டு, சிவப்பு ஸ்கெட்ச்சில் அவர் நேரம், பச்சையில் அம்மா நேரம் என்று எழுதி, டிவிக்கு மேலே ஒட்டியிருந்தார். அதில் ஒரு இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும். இரண்டாம் ஷிப்டுக்குப் போக அப்பா ஒன்று பத்துக்குக் கிளம்பிவிடுவார். முதல் ஷிப்ட் முடிந்து அம்மா வந்து சேர இரண்டு ஐம்பது ஆகும். இடையில் ஒரு மணி நாற்பது நிமிடம் எங்களுக்கு யாரும் இல்லை. பள்ளிக்கூட நாட்களில் அது தெரியாது. லீவு விட்டால்தான் அந்த வெள்ளைக் கட்டத்துக்குள் நானும் ஐந்து வயதுத் தம்பியும் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருப்போம். காம்பவுண்டு கேட்டைத் தாண்டக்கூடாது என்பது சட்டம்.

கேட்டுக்குப் பக்கத்தில், அதே காம்பவுண்டில் தனி வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மாவின் வெள்ளை அரளிச் செடி நின்றது. அதன் இலைக்கு அடியில்தான் காலாண்டுப் பரீட்சை சமயத்தில் ஒரு முட்டையைப் பார்த்தேன். சவ்வரிசியைவிடச் சின்னது, இளம்பச்சை. பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு நாள் அது இல்லை, பக்கத்தில் மஞ்சளாக நூல் மாதிரி ஒரு புழு இருந்தது. பின்னால் அதன் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் ஒரு கறுப்பு வால். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை அசையாமல் கிடந்து தோலைக் கழற்றும். கழற்றிய தோலைத் தானே தின்றுவிட்டு மறுபடி இலைக்குப் போகும். ஒவ்வொரு தோலுக்கும் பச்சை கூடி வால் குட்டையானது. கடைசித் தோலில் அப்பாவின் நடுவிரல் தடிமன் வந்துவிட்டது. பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓட, வால் மஞ்சளாகி, முன்னால் அந்த நீலக் கண்கள் திறந்துகொண்டன. நான் அதை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, மூடியில் காம்பஸால் துளை போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டேன். தம்பிக்கு மட்டும் தெரியும்.

பரீட்சை லீவு ஆரம்பித்த திங்கட்கிழமை தம்பி அரளி இலை ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு நின்றதை வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டாள். அவள் வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், பால்காரரிடம் கன்னடம். பயந்தால் மூன்றும் சேர்ந்து வரும். "வத்து, வத்து, துப்புடா. விஷம்டா அது" என்று ஓடிவந்து அவன் வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவி எடுத்தாள். வத்து என்றால் தெலுங்கில் வேண்டாம். அன்று சாயங்காலமே ஆள் வைத்துச் செடியை வேரோடு வெட்டிவிட்டாள். அப்பா அதற்காக அவளுக்கு நன்றி சொன்னார். நான் மட்டும் புழுவின் சோற்றை நினைத்தேன். வெட்டிய குப்பையிலிருந்து ஒரு கொத்து எடுத்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டு ஒளித்துவைத்தேன். இரண்டு நாளில் அதுவும் காய்ந்தது.

புதன்கிழமை மதியம் புழு சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. கொய்யா இலை போட்டேன், முருங்கை போட்டேன், வீட்டுக்காரம்மாவின் ரோஜாவில் இரண்டு இலை கிள்ளிப் போட்டேன். எதையும் முகரக்கூட இல்லை. அதைவிட, அதன் பச்சை போய்க்கொண்டிருந்தது. முதுகு சாம்பலும் பழுப்புமாகி, டப்பாவின் ஓரத்தையே சுற்றிச் சுற்றி ஓடியது. அவ்வளவு வேகமாக அது நகர்ந்து நான் பார்த்ததில்லை. பட்டினியில் உயிர் போகப்போகிறது, அதனால்தான் தவிக்கிறது என்று முடிவு செய்தேன். அரளி வேண்டும், பச்சை அரளி, உடனே.

அரளி எங்கே இருக்கிறது என்று அந்தச் சாலையில் போகிற எல்லாருக்கும் தெரியும். ரோட்டின் நடுவே மீடியன் முழுக்க அதுதான். கிருஷ்ணகிரி வரைக்கும் ரோஸும் வெள்ளையும் மஞ்சளுமாக ஆள் உயரத்துக்கு வைத்திருக்கிறார்கள். ஆடு மாடு கடிக்காது என்பதால் வைப்பார்களாம். எங்கள் கேட்டிலிருந்து பார்த்தால் முதலில் சர்வீஸ் ரோடு, அப்புறம் கிருஷ்ணகிரிக்குப் போகும் மூன்று தடம், அதற்கப்பால் அந்தப் பூச்செடிகள். கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், கூப்பிட்டால் மட்டும் கேட்காது.

அப்பா ஒன்று பத்துக்குக் கிளம்பினார். தம்பி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனான். ஒன்றே முக்காலுக்குக் கதவை வெறுமனே சாத்திவிட்டு டப்பாவோடு வெளியே வந்தேன். வீட்டுக்காரம்மா கதவும் சாத்தியிருந்தது. டப்பாவை ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்டால், அங்கேயே வைத்து ஊட்டலாம், திரும்பி வருவதற்குள் செத்துவிட்டால் என்ன செய்வது என்கிற அவசரம். சர்வீஸ் ரோட்டைத் தாண்டி இரும்புத் தடுப்பின் சந்தில் நுழைந்து நின்றேன். லாரிகள் கும்பல் கும்பலாக வரும், பிறகு கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வில் ஓடினேன். பாதி ரோட்டில் செருப்பு வழுக்கியது. விழவில்லை. மீடியனில் ஏறி அரளிக்குள் உட்கார்ந்தபோது எனக்குச் சிரிப்புகூட வந்தது, இவ்வளவுதானா என்று.

ஒரு கொத்தை ஒடித்து டப்பாவில் வைத்தேன். புழு இலையின் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கி, ஓட்டத்தைத் தொடர்ந்தது. இன்னும் தளிராக வேண்டுமோ என்று நுனியைக் கிள்ள எழுந்தபோதுதான் கேட்டுப் பக்கம் பார்த்தேன். தம்பி நின்றுகொண்டிருந்தான். மேலே சட்டையில்லை, காலில் செருப்பில்லை. தூக்கத்தில் எழுந்து என்னைத் தேடியிருக்கிறான். சர்வீஸ் ரோட்டில் இரண்டு பக்கமும் பார்க்காமல் நடந்து வந்து அதே சந்தில் நுழைந்து நின்றான்.

"வராத" என்று கத்தினேன். ஒரு டேங்கர் லாரி குறுக்கே போனது. "அங்கேயே நில்லு" என்று கத்தினேன். நான் கையை ஆட்டியதை அவன் வா என்று எடுத்துக்கொண்டான். நான் இறங்கி ஓடவேண்டும் என்று நினைத்தேன், கால் மண்ணைவிட்டு வரவில்லை. அவன் இறங்கிவிட்டான். ஓடக்கூட இல்லை, வீட்டுக்குள் நடப்பதுபோல் நடந்தான். முதல் தடம் காலி. இரண்டாவதில் ஒரு கார் விலகிப் போனது. மூன்றாவதில் பெரிய லாரி ஒன்று ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தது. தம்பி நடு ரோட்டில் நின்று காதைப் பொத்திக்கொண்டான். பிரேக் பிடித்த சத்தமும் ரப்பர் கருகிய வாடையும் எனக்கு இன்னும் இருக்கின்றன. லாரி அவனுக்கு முன்னால் குலுங்கி நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னார். அது எந்த மொழி என்றுகூட எனக்குப் புரியவில்லை. லாரியின் மூக்கைச் சுற்றிக்கொண்டு தம்பி வந்து என் பாவாடையைப் பிடித்த பிறகுதான் அழ ஆரம்பித்தான். பின்னால் வண்டிகள் அடுக்கி ஹாரன் அடிக்க, லாரி கிளம்பிப் போய்விட்டது.

அதன் பிறகு என்னால் அந்த ரோட்டில் கால் வைக்க முடியவில்லை. போகும்போது எனக்குத் தெரியாதது ஒன்று இப்போது தெரிந்துவிட்டது. ஓய்வு வரும், தம்பி கையைப் பிடிப்பேன், ஒரு அடி வைப்பேன், தூரத்தில் ஒரு லாரியின் முகம் தெரியும், பின்வாங்கிவிடுவேன். இந்தப் பக்கம் கிருஷ்ணகிரிக்குப் போகிறவை, முதுகுக்குப் பின்னால் பெங்களூருக்குப் போகிறவை. நடுவில் ஒரு பாய் அகலத்தில் நாங்கள். கண்டெய்னர் ஒவ்வொன்று போகும்போதும் செடிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தன. பைக்கில் போன ஒருவர் எங்களைப் பார்த்துக் கன்னடத்தில் திட்டினார், நிற்கவில்லை. தம்பி தண்ணீர் கேட்டான். அரளி இலையைத் தொட்ட கையை வாயில் வைக்காதே என்று அவன் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவாக நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

நேரம் தெரியவில்லை. எனக்கு இருந்த பயமெல்லாம் ஒன்றுதான். அம்மா வீட்டுக்கு வந்து கதவு திறந்து கிடப்பதைப் பார்ப்பாள். அதற்குள் போய்விடவேண்டும். அம்மாவின் கம்பெனி பஸ் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் பெங்களூருக்குப் போகும் பக்கமாக வந்து, பாலத்துக்கடியில் திரும்பித்தான் சர்வீஸ் ரோட்டுக்கு வரும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அது எங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டு கை தூரத்தில் போகும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

போனது. ஜன்னல் முழுக்கக் களைத்த முகங்கள், காதில் இயர்போன், கண்ணாடியில் சாய்ந்த தலைகள். ஒரு ஜன்னலில் அம்மா. அவள் எங்களைப் பார்த்தாள். பார்த்த முகத்தில் எதுவுமே இல்லை. தெரியாத பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பஸ் போய்விட்டது. அம்மா நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று தம்பி சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எவ்வளவு நேரம் கழித்தோ தெரியாது, ஓசூர்ப் பக்கமிருந்து மீடியனுக்குள்ளேயே செடிகளை விலக்கிக்கொண்டு யாரோ ஓடிவந்தார்கள். சுடிதாருக்கு மேல் கம்பெனி கோட்டு, கழுத்தில் ஐடி கார்டு, ஒரு காலில் மட்டும் செருப்பு. முகத்தில் கிளைகள் அடித்த கோடுகள். அம்மாதான். வந்ததும் தம்பியைத் தூக்கித் தலை, கை, கால், விரல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என்னை. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"ஒங்கப்பா கெளம்பியாச்சா?"

ஆச்சு என்றேன்.

"வீட்டுக்காரம்மா பாத்தாளா? லைன்ல வேற யாரும்?"

இல்லை என்றேன். அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் ஏன் வந்தீர்கள் என்று கேட்டாள். நான் டப்பாவைத் திறந்து காட்டினேன். புழுவென்றால் அம்மாவுக்கு ஆகாது. கத்திரிக்காயில் வந்தால்கூடத் தூரப் போட்டுவிட்டுக் கையைக் கழுவுவாள். அன்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதுக்காகவா" என்று மட்டும் சொன்னாள். பிறகு, எனக்கு இன்றுவரை விளங்காத ஒரு காரியம் செய்தாள். எட்டி, பூவோடு ஒரு பெரிய கொத்தை ஒடித்து என் மடியில் போட்டாள். "போதுமா? இனிமே இந்த ரோட்டுக்கு வரவேண்டிய வேலையே இருக்கக் கூடாது."

தம்பியை இடுப்பில் வைத்து, என்னை அவள் கோட்டின் நுனியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, ஐடி கார்டைக் கழற்றி மறு கையில் உயர்த்திக்கொண்டு அவள் இறங்கினாள். ஒரு லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, பின்னால் வருகிறவர்களுக்குக் கையைக் காட்டி நிறுத்தினார். மூன்று தடத்தையும் நடந்தே கடந்தோம். வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டதும் எங்கள் இருவர் கையையும் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டாள். கழுவிக்கொண்டே சொன்னாள். "ரோட்டுக்குப் போனத அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது."

"ஏம்மா?"

"அடிப்பாரு."

அப்பா அதுவரை யாரையும் அடித்ததில்லை. அடிக்காத அப்பாவே அடிக்கிற அளவுக்கு நான் செய்தது பெரிய குற்றம் என்று புரிந்துகொண்டேன். என்னைக் காப்பாற்றத்தான் அம்மா மறைக்கிறாள் என்றும் புரிந்துகொண்டேன். எவ்வளவு புத்திசாலிப் பிள்ளை பாருங்கள்.

மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்தால் இலையில் ஒரு கடிகூட இல்லை. புழு அடியில் இரண்டு மூன்று இலைகளை நூலால் கோத்து, அதற்குள் பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. அடுத்த நாள் தோல் உரிந்து பழுப்பில் ஒரு கூடு, மேலே ஓரங்களில் கறுப்புப் புள்ளிகள். அது பசியில் தவிக்கவே இல்லை. சாப்பிட்டு முடித்துவிட்டது. கூடாகப் போகும் புழு வயிற்றைக் காலி பண்ணி, நிறம் மங்கி, ஒதுங்க இடம் தேடி ஓடுமாம். அவ்வளவுதான் அதன் ஓட்டத்தின் அர்த்தம். அதற்கு அந்த மதியம் தேவைப்பட்டதெல்லாம் கொஞ்சம் குப்பையும் இருட்டும். நான்தான் அதற்குச் சோறு ஊட்டுகிறேன் என்று தம்பியை லாரிக்கு முன்னால் நிறுத்தினேன். இதை நான் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மொபைலில் படித்த அன்று சாயங்காலம் முழுக்கத் தம்பியிடம் சண்டையே போடவில்லை.

லீவு முடியும்வரை அந்த வெள்ளைக் கட்ட நேரத்தில் எங்களை வீட்டுக்காரம்மா தன் வீட்டில் உட்காரவைத்துத் தெலுங்கு சீரியல் காட்டினாள். அம்மா அவளிடம் என்ன சொல்லிக் கேட்டாள் என்று தெரியாது. அப்பாவுக்கு, பிள்ளைகள் தெலுங்கு கற்றுக்கொள்கிறார்கள் என்று சொல்லப்பட்டது. ஆனால் வீட்டில் நிம்மதியில்லை. தம்பிக்கு ரகசியம் தங்காது. சாப்பாட்டில் லாரி வரும், படம் வரைந்தால் லாரி வரும், அப்பாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு "அப்பா, பெரிய லாரி எப்படி நிக்கும் தெரியுமா" என்று ஆரம்பிப்பான். அம்மா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நிற்பாள். அந்த மாதம்தான் அவளை லைன் லீடர் ஆக்கப்போவதாகப் பேச்சு. முப்பது பேருக்கு மேல் அவள் சொல்கிறபடி வேலை செய்வார்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அப்பா யோசித்துவிட்டு நல்லதுதான் என்று சொல்லியிருந்தார்.

இரண்டு வாரம் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா ஸ்க்ரூ டிரைவர் தேடிக் கட்டிலுக்கடியில் கையைவிட்டு அந்த டப்பாவை இழுத்துவிட்டார். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே கூடு உடைந்து கிடக்க, இலைக்கொத்துக்குப் பக்கத்தில் டப்பாவின் சுவரில் அது உட்கார்ந்திருந்தது. உள்ளங்கை அகலம். பல பச்சைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசி, இடையில் வெளிறிய ரோஸும் வெள்ளையும் ஓடவிட்டு, ஒரு பட்டாளத்துக்காரரின் சட்டையை யாரோ பொறுமையாகத் தைத்ததுபோல இறக்கைகள். கண் பெரிதாகக் கறுப்பாக இருந்தது. இந்தத் தடவை நிஜக் கண்.

அப்பா ரொம்ப நேரம் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "ரெண்டு றெக்கையிலயும் ஒரு கோடு மாறல" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு பெரிய பாராட்டு யாருக்கும் வந்ததில்லை. எனக்கு ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. பிறகு அவர் அந்தக் காய்ந்த கொத்தைக் கையில் எடுத்தார்.

"இது அரளியில்ல? வெட்டியாச்சே."

அதுக்கு முன்னாடியே பறிச்சது என்றேன்.

அப்பா கொத்தைத் திருப்பினார். நுனியில் காய்ந்துபோன பூ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "நம்ம வீட்டுது வெள்ளப் பூவுல்ல. இது ரோஸு." அவர் குரலில் கோபமே இல்லை. கம்பெனியில் ஒரு பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதும் இப்படித்தான் இருக்கும். "எங்கருந்து வந்துச்சு?"

அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அம்மா வெளியே வந்தாள். "நாந்தான் கொண்டுவந்தேன். எங்க கம்பெனி வாசல்ல இருக்கு. பிள்ள கேட்டுச்சு."

"நீயா? புழுவுக்கா?"

"ஆமா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அதற்குப் பிறகு இன்றுவரை அப்பா அம்மாவை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. தம்பி அவர் தோளில் தொற்றிக்கொண்டு, "இல்லப்பா, லாரிகிட்ட" என்று ஆரம்பித்தான்.

அந்த நேரம் நான்காம் வீட்டு அக்கா கதவருகே நின்றிருந்தாள். தர்மபுரிக்காரி, அம்மாவோடு அதே கம்பெனி, அதே ஷிப்ட், அதே பஸ். அவள் வீட்டுக்காரர் அப்பாவோடு வேலை செய்தார். மாவு கேட்டு வந்தவள், கையில் காலிக் கிண்ணத்தோடு எவ்வளவு நேரம் நின்றாளோ. "ஆமாண்ணா, நானும் பாத்தேன்" என்றாள். "மடியில வச்சினு பஸ்ல வந்தாங்க. எல்லாரும் கேலி பண்ணோம், என்னா இது அரளிக் கொத்துன்னு." சொல்லிக்கொண்டே உள்ளே வந்து தம்பியை அப்பாவின் தோளிலிருந்து பிரித்து எடுத்தாள். "வாடா, லாரி பொம்மை ஒண்ணு எங்க வீட்ல கீது, காட்டறேன்." அவன் லாரி என்றதும் போய்விட்டான். அவள் வீட்டில் லாரி பொம்மையே கிடையாது என்று அவன் பிறகு என்னிடம் புகார் சொன்னான்.

அப்பா பூவை டப்பாவிலேயே போட்டார். சரி என்று போட்டாரா சரியில்லை என்று போட்டாரா தெரியவில்லை. அன்று சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்தில் அந்துப்பூச்சி இறக்கைகளை நடுக்கி நடுக்கிச் சூடேற்றிக்கொண்டு ஜன்னல் வழியாகப் போனது. அப்பா அதற்காகக் கொசுவலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த மாதம் அம்மா லைன் லீடர் ஆனாள்.

அந்த பஸ்ஸில் ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். ஐம்பது பேரும் எங்களை மீடியனில் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேரின் வீட்டுக்காரர்கள் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான்காம் வீட்டு அக்கா கேட்காமலேயே வந்து பொய் சாட்சி சொன்னாள். சின்னப் பிள்ளை அடிவாங்கக் கூடாதே என்ற இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு பேருக்கு என்மேல் பிரியம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இப்போது இதை எழுதவேண்டும் என்று தோன்றியதும் அம்மாவுக்குப் போன் செய்து, பஸ்ஸை எப்படி நிறுத்தினாய் என்று கேட்டேன். நிறுத்தவில்லையாம். ஸ்டாப் இல்லாத இடத்தில் நிறுத்தக்கூடாது என்று ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். கத்தினால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று முதலில் அவள் கத்தக்கூட இல்லையாம். இதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் தாழ்ந்துவிட்டது. நான்காம் வீட்டு அக்காதான் எழுந்துபோய் ஓட்டுநரின் தோளைப் பிடித்து உலுக்கி நிறுத்தவைத்தாள். அம்மா இறங்கியதும் அவள் பஸ்ஸுக்குள் திரும்பி நின்று எல்லாருக்கும் சொன்னாளாம். "இத யாரும் வீட்ல பேசக்கூடாது. பேசினா நாளைக்கு இந்த பஸ்ல பாதி சீட்டு காலி." அந்த நேரம் அவளுடைய மூன்று வயது மகள், எங்களுக்கு மூன்று கதவு தள்ளி, வெளியே பூட்டிய வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பும்போது பூட்டிவிட்டுப் போங்கள், சாவி வைத்திருக்கும் பின் தெருப் பாட்டி வந்து பார்த்துக்கொள்வாள் என்று அக்கா வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தாள். பாட்டி ஊருக்குப் போய் நான்கு நாளாகியிருந்தது.

"அவ மட்டுமில்ல" என்றாள் அம்மா. "பஸ்சுல யாரு வீட்டக் கேட்டாலும் அப்பிடி ஒரு கதவு இருந்துச்சு."

எழுதட்டுமா என்று கேட்டேன். அவள் எழுந்துபோய் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது. அப்பா பக்கத்தில் இருக்கிறாரோ என்று நினைத்தேன்.

"எழுது" என்றாள். "பஸ்சோட கலர மட்டும் போட்டுறாத. அது இன்னும் ஓடுது."